படம் எடுத்தால் முதுகுவலி போகுமா?

"போன தடவ படம் எடுத்ததும் முதுகுவலி போயிருச்சுங்க. இன்னொன்னு எடுத்து உடுங்க."

இன்று எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வந்த மலைமேல் உள்ள அரியூர் நாட்டைச் சேர்ந்த மிளகு விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டது இது. கையில் டாக்டர் சீட்டு இல்லை.

நான் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டார்.

"ஏனுங்க, அது வைத்தியமில்லீங்க. ஒடம்புக்குள்ள கதிர உட்டுப் பாக்கறதுங்க. டாக்டரு சொன்னா எடுக்கலாம், சும்மா சும்மா எடுக்கக் கூடாதுங்க."

"அப்பறம் வலி எப்படிப் போச்சாம்?"

"மொளகு பறிக்க மரம் ஏறாம நாலு நாளு ஊட்டுல படுத்திருந்தீங்கல்ல, அதுலதானுங்க."

போன மாதம் படம் எடுத்தபோது நான் அந்த விவசாயிக்கு விளக்கியதை, துணைக்கு வந்த அவர் மனைவி மனதில் பிடித்து வைத்திருக்கிறார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் எப்படி? ஆஸ்பத்திரியில் சொல்வதைக் காதில் வாங்குவது நோயாளியா, துணைக்கு வருபவரா?