ரெசிபே அக்கா

உலகத்து டாக்டர்கள் அத்தனை பேரையும் நடுங்க வைப்பது எங்கள் தெரு மருந்துக்கடை அக்காவின் மூக்குக்கண்ணாடி. நெற்றியில் கிடக்கும் அது மூக்குக்கு இறங்கிவிட்டால், சீட்டு எழுதியவர் எங்கே இருந்தாலும் தும்முவார்.

சீட்டின் தலையில், கால் வெட்டுப்பட்ட ஆர் மாதிரி ஒரு குறி இருக்குமே, அதைத்தான் முதலில் விரலால் தொடுவார். "இது லத்தீன்டா. ரெசிபே. 'ரெ'ன்னா திரும்ப, 'காபெரே'ன்னா பிடிக்கிறது. சேர்ந்து 'எடு'ன்னு ஆச்சு. எடுங்க இல்ல, எடு! மருந்து குடுக்கிற ஒத்தை ஆளுக்கு டாக்டர் போடுற ஆர்டர்." சமையல் ரெசிபியும் இதே வீட்டுப் பிள்ளைதானாம். இதைச் சொல்லும் நேரத்தில் அவருடைய டீ ஆறி ஆடை கட்டிவிடும். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

எனக்குத் தமிழ் இலக்கணமே ஒன்பதாம் வகுப்போடு டாட்டா காட்டிவிட்டது. இந்த லத்தீன் மட்டும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

போன வருஷம் அம்மாவின் மூட்டுவலிக்குப் புது டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், தினமும் ஒன்று என்று. கண்ணாடி இறங்கியது.

"இது வாரத்துக்கு ஒண்ணுதாம்மா. இப்படித் தரமாட்டேன்."

"டாக்டரைவிடப் பெரிய ஆளா நீ?" அம்மா கத்தினார்.

"'எடு'ன்னு எனக்குத்தானே எழுதியிருக்கார்? சந்தேகம் வந்தா நான்தானே கேக்கணும்?"

வரிசை முணுமுணுக்க, முக்கால் மணி நேரம் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் டாக்டரே, "ஐயோ, வாரத்துக்கு ஒண்ணு!" என்று அலறினார். தினமும் விழுங்கியிருந்தால் உயிருக்கே உலை வைத்திருக்குமாம். அம்மா இன்றைக்கும் நாள் தவறாமல் என்னைத் திட்டுகிறார். அந்தப் பாக்கியம் அக்கா கொடுத்தது.

நன்றி சொல்லப் போனால் எனக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இருமல் மருந்து விளம்பரக் குழந்தைக்கு மீசை வரைந்தவன் என்ற பெயர் வேறு அங்கே இருக்கிறது. ஆகவே நேற்று ஒரு சீட்டு தயாரித்தேன். மேலே வெட்டுக்கால் ஆர். கீழே: 'சூடான டீ, ஒரு டம்ளர். உட்கார்ந்து குடிக்கவும். காரணம்: அம்மா நல்லா இருக்காங்க.' சீட்டோடு பிளாஸ்கையும் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல எடை மெஷினில் ஏறி நின்றேன்.

கண்ணாடி இறங்கியது.

"எந்த டாக்டர் இது? எழுத்து படிக்கிற மாதிரி இருக்கே!" தலையைத் தூக்காமலே, "வாலு, எறங்கி வா," என்றார்.

'மருந்து வழங்கப்பட்டது' முத்திரையை என் சீட்டில் ஒரு குத்து குத்தினார். மற்றச் சீட்டுகளோடு கம்பியில் செருகினார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.