மண்முனைத் துறையில் அடித்த குளிர்

2010 தை மாதம், ஒரு ஞாயிறு. காலை 5.30க்குக் கொழும்பு பஸ் என்னை ஆரையம்பதியில் இறக்கிவிட்டது. மழை விட்டு வாடைக்காற்று வீசியது. வெப்பநிலை இருபத்திரண்டு பாகை இருக்கும். உலகம் இதைக் குளிர் என்று ஒப்புக்கொள்ளாது, மட்டக்களப்பு ஒப்புக்கொள்ளும். நான் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாவும் போட்டிருந்தேன்.

தங்கராசா இரண்டு சைக்கிளோடு நின்றான். பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழன், இப்போது உடற்பயிற்சி ஆசிரியன். சுனாமி அன்று இரண்டு மணி நேரம் தென்னையில் தொங்கியவன். அதற்குப் பிறகு தண்ணீரைக் கடப்பதில்லை. கல்லடிப் பாலமும் தண்ணீருக்கு மேல்தானே என்று டவுனுக்குப் போவதையும் விட்டிருந்தான். மகள் வாழ்க்கைப்பட்டதோ மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். பேத்தி பிறந்து மூன்று மாதம். கொண்டு வாறன் என்று மகள் சொன்னதற்கு, "பிள்ளையைத் தண்ணியில ஏத்தாத" என்றுவிட்டான். இன்றைக்கு அவனே கடக்கப் போகிறான். துணைக்கு நான்.

"முதல்ல உடம்பச் சூடாக்குவம் மச்சான்," என்று சந்தியிலேயே என்னைக் குதிக்க வைத்தான். நான் பஸ்ஸில் ஒரு புத்தகத்தில் படித்துவந்ததைச் சொன்னேன்: குளிரில் தோலுக்குக் கீழே இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்தம் நடுவுடம்புக்கு ஓடும், விரல் விறைக்கும், உடம்பு நடுங்கும், அசைந்தால் நடுக்கம் நிற்கும், மூக்கு ஒழுகும், சிறுநீரகம் கூடுதலாக வேலை செய்யும்.

"கடைசியாச் சொன்னத இப்பவே முடிச்சிட்டு வா," என்றான்.

தேவையில்லை என்றேன். படித்தவனுக்கு வரும் திமிர்.

6.30. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் மிதித்து மண்முனைத் துறைக்கு வந்தோம். ஆளையும் சைக்கிளையும் ஏற்றிப்போகும் தட்டைப் படகுக்கு இங்கே பாதை என்று பெயர். ஆளுக்கு ஐந்து ரூபாய். தங்கராசா கண்ணை மூடிக்கொண்டு ஏறினான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்த கை கிடுகிடுவென்று ஆடியது.

"என்ன சேர், நடுங்குறீங்க?" என்றான் பாதை ஓட்டுபவன்.

"குளிருடா."

நடு வாவியில் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. ஓட்டுபவன் அலட்டிக்கொள்ளவில்லை. நீண்ட கம்பு ஒன்றை எடுத்து நீட்டினான். "ஆழமில்ல சேர். ஊண்டித் தள்ளுங்க. கை சும்மா இருந்தாத்தான் குளிரும்."

தங்கராசா கம்பை வாங்கி ஊன்றினான். அடி தட்டியது. ஒரு ஆள் உயரம்கூட இல்லை. அவன் அந்தக் கம்பில் நனைந்த அளவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "ஒண்டு, ரெண்டு," என்று பள்ளிக்கூடத்துக் குரலில் எண்ணித் தள்ளத் தொடங்கினான். நெற்றி வேர்த்தது. நடுக்கம் நின்றது. புத்தகத்தில் போட்டபடியேதான்.

என் சிறுநீரகமும் புத்தகப்படியே நடந்துகொண்டது. சுற்றிலும் தண்ணீர்; பக்கத்தில் கோயிலுக்குப் போகும் ஆறு பெண்கள். நான் கால்மேல் கால் பின்னி, வாவியின் அழகை ரசிப்பவன்போல் நின்றேன்.

"நீயும் தள்ளன் மச்சான்."

"என்னால எதையும் தள்ள ஏலாது. இப்ப எதுவும் அசையப்படாது."

கரை தட்டியதும் முதலில் குதித்தவன் நான். கண்டல் பற்றைக்குள் ஓடினேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு தங்கராசா அக்கரையில் கால்வைத்த காட்சியை, அதற்காகவே 300 கிலோமீட்டருக்கு மேல் வந்த நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் மகள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றாள். பிள்ளை அவன் தோளில் இருந்தது.

"அப்பாட சினேகிதர் எங்க போனவர்?" என்று மகள் கேட்டாள்.

"இரத்தம் நடுவுடம்புக்குப் போயிட்டுது," என்றான்.

பகல் 1.00. மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுத் திரும்பினோம். வெயில் தலையைப் பிளந்தது. எஞ்சின் காலை நடந்ததற்கெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் நன்றாக ஓடியது. தள்ள வேலை இல்லை. நடு வாவியில் தங்கராசாவின் கை மறுபடி ஆடியது.

"குளிருது மச்சான்," என்றான்.

"ஓம், சரியான குளிர்," என்றேன்.

பையிலிருந்து குரங்குக் குல்லாவை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டான். கொழும்பில் நான் குளிரூட்டிய அறையில் குந்திக்கொண்டு குளிரைக் குறைசொல்கிறவன். அன்று அந்த வெயிலில் கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டேன்.

"அடுத்த ஞாயிறும் இந்தக் குளிர் இருக்கும்," என்றான் குல்லாவுக்குள்ளிருந்து. "எண்டாலும் வரத்தான் வேணும். பிள்ளை இப்பதான் என்ர முகத்தப் பாடமாக்குது."