அப்பா நிறுத்தச் சொன்ன ஆல்பம்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வேலைப் பழக்கம்.

1. போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, கிள்ளானிலிருந்து காப்பார் போகும் வழியில், காரின் முன் சக்கரத்தில் பேரிங் போய்விட்டது என்று நினைத்து சுரேனை ஓரம் கட்டச் சொன்னேன்.

2. பேரிங் போகவில்லை. அது பாட்டு.

3. அதே ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு ஓடும்போது, சிவப்பு விளக்கில் நின்ற காருக்குள் அழுதேன். சுரேன் என்ன செய்வதென்று தெரியாமல் ஏசியைக் குறைத்தான்.

4. தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அந்த ஆல்பத்தை அப்பாவுக்குப் போட்டுக் காட்டுவதற்காகவே ஒரு பெரிய ஸ்பீக்கரைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன்.

5. அப்பா அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

ஐந்தாவதற்குப் பிறகு நடந்தது ஒரு வரியில் அடங்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சோமனூர்ப் பக்கம். எங்கள் வீட்டுச் சுவரும் தறிக்குடோன் சுவரும் ஒன்றுதான். அப்பா அங்கே கூலிக்கு விசைத்தறி ஓட்டினார். இப்போது நான் இருப்பது கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறையில். காலையில் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்குவேன். அங்கே சுரேன் காரோடு காத்திருப்பான். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவன், என்னோடு வேலை செய்பவன். காப்பாரில் இருக்கும் எங்கள் தொழிற்சாலை ரப்பர் கையுறை செய்கிறது. அங்கே மோட்டார்களும் பெரிய காற்றாடிகளும் எப்படி அதிர்கின்றன என்று கருவி வைத்து அளந்து, எது பழுதாகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. ஆகவே ஒரு காரில் உரசல் சத்தம் கேட்டால் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

அன்று சுரேன் நான் சொன்னபடி ஓரம் கட்டினான். எஞ்சினை அணைத்தான். உரசல் நிற்கவில்லை.

"காடி ரோசாக் இல்ல லா, மேடம். கார் நல்லாத்தான் இருக்கு. இது மியூசிக்."

"இதுவா?"

"ஆமா. ஒங்க ஊர்ல என்னா, காலைல எந்திரிச்சதும் எல்லாரும் வீணையா கேப்பீங்க?"

"எங்க ஊர்ல காலைல இதேதான் கேக்கும். யாரும் மியூசிக்குன்னு சொல்லமாட்டாங்க."

அவன் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில், அப்பாவுக்குக் காது கேட்கிற மாதிரி நான் ஒரு வார்த்தை பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். தறிச் சத்தத்தில் அவர் காது என் பள்ளி நாட்களிலேயே மந்தமாகிவிட்டது. அம்மா இருந்தவரை அது எங்களுக்குப் பெரிய குறையாகப் படவில்லை. போனை அம்மா வாங்கிக் கேட்டு, அவர் முகத்துக்கு நேரே வாயசைத்துச் சொல்லிவிடுவாள். நான் மலேசியா வந்த இரண்டாம் வருடம் அம்மா இறந்துபோனாள். அதற்கப்புறம் மிச்சமிருந்த காதும் போனது. காதில் மாட்டும் கருவி வாங்கிக் கொடுத்தேன். பாத்திரம் விழுந்தால் ஆணி அடிப்பது போலிருக்கிறது என்று, அந்தத் திங்கட்கிழமைக்கு மூன்று வாரம் முன்னால், அதையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். அப்பா எனக்குக் குரல் செய்தி அனுப்புவார். தன் குரல் தனக்குக் கேட்காததால் ஒவ்வொன்றும் அதட்டல் போல இருக்கும். "சாப்ட்டியா கண்ணு" என்பதைக்கூடப் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி கேட்பார். பதிலுக்கு என் குரலை அனுப்பிப் பயனில்லை. எழுதி அனுப்பினால் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் பேசவேண்டிய விஷயங்கள் எதுவும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி இருப்பதில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நான் சொல்வது அவருக்குப் போய்ச் சேரவேண்டும்.

இனி அந்த ஆல்பம். செய்தவர்கள் ஐரோப்பாவில், உருக்காலை மூடிப்போன ஒரு சிற்றூரைச் சேர்ந்த இருவராம். ஆல்பத்தின் பெயர் சுரேனுக்கே வாயில் நுழையவில்லை. பாட்டுகளுக்குப் பெயர் இல்லை, எண்கள்தான். அது எனக்கு உடனே பிடித்துப்போனது. முதல் பாட்டில் நீராவி சீறும், கனமான ஏதோ ஒன்று சீராக விழுந்து விழுந்து எழும், இரும்புத் தகட்டை யாரோ இழுத்துப் போவார்கள். இரண்டாவதில் ஒரு மனிதக் குரல் வருகிறது, ரயில்வே ஒலிபெருக்கி அறிவிப்பு போல நசுங்கி, ஒரு சொல்லும் விளங்காமல். முதல் வாரம் நான் அதை ஆய்வுக்கூடத்தில் கேட்பது மாதிரிதான் கேட்டேன்: இது பல் உடைந்த கியர், இது தளர்ந்த போல்ட், இது வேண்டுமென்றே செய்தது. இரண்டாம் வாரம் அந்தப் பட்டியல் தானாக நின்றுவிட்டது. இவர்கள் இயந்திரத்தைக் கேலி செய்யவில்லை, புகழவும் இல்லை. பக்கத்தில் நின்று முழுவதுமாகக் கேட்டிருக்கிறார்கள். நான் சம்பளத்துக்குச் செய்வதும் அதுதான், ஆனால் பழுது எங்கே என்று மட்டும் கேட்பேன்.

மூன்றாவது பாட்டில் ஒரே மாதிரியான தட்டல்கள் பல, ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ஏறக்குறையதான். அதனால் அவை ஒன்றைவிட்டு ஒன்று மெல்ல விலகிப்போய், இரைச்சலாகி, பிறகு எதிர்பாராத ஒரு நொடியில் எல்லாம் சேர்ந்து ஒரே அடியாக அடித்து, மறுபடி விலகுகின்றன. எங்கள் தறிக்குடோன் அப்படித்தான் ஒலிக்கும். எல்லாத் தறியும் ஒரே மோட்டார் வேகம் என்று சொன்னாலும் ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சிறு வயதில் அந்தச் சுவரில் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டு, எல்லாம் சேர்ந்து அடிக்கும் அந்த ஓர் அடிக்காகக் காத்திருந்து அப்படியே தூங்கிப்போவேன். எங்கள் தெருக் குழந்தைகள் தறி ஓடும்போது தூங்கும். கரண்ட் போனால் விழித்துக்கொண்டு அழும். காப்பார் சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே, குளிரூட்டிய காரில் அந்த அடி வந்தபோது நான் அழுததற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

"பாட்ட மாத்தவா?" என்றான் சுரேன்.

"வேண்டாம். விடு."

"ரெண்டு வருசமா எல்லாருக்கும் போட்டுக் காட்டுறேன். தலவலின்னு திட்டுனாங்க. அழுதது நீதான்," என்றான். கொஞ்ச தூரம் போனபின், "நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லு லா" என்றான். அந்தப் பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னேன்.

இந்த நாட்டில் காதைக் காப்பாற்றுகிறார்கள். வேலையில் சேர்ந்தபோது என்னைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் கேட்புத்திறன் பார்த்தார்கள். ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். சோதித்த சீனப் பெண் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மேல் சுருதியில் ஒரு பள்ளம் இருக்கிறதே, இது இயந்திரச் சத்தத்தில் கெட்ட காது, இதற்கு முன் எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எங்கும் இல்லை, இதுதான் முதல் வேலை என்றேன். அவள் நம்பவில்லை. பழைய வேலையை மறைக்கிறேன் என்று நினைத்து, பயப்பட வேண்டாம், இது உன் பாதுகாப்புக்காகத்தான் என்று திரும்பக் கேட்டாள். வேலை செய்யவில்லை, அதன் பக்கத்தில் தூங்கினேன் என்று சொன்னதும், என் ஆங்கிலம் சரியில்லை என்று முடிவுசெய்து ஏதோ எழுதிக்கொண்டாள். இங்கே காதடைப்பான் மாட்டாமல் உள்ளே காலை வைத்தால் காவலர் விசில் ஊதுகிறார். அப்பா காதில் வைத்தது கழிவுப் பஞ்சு, அதுவும் சளி பிடித்த நாட்களில் மட்டும்.

மூன்றாவது பாட்டைக் கேட்டபின் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. யோசனை என்ன, முழு நம்பிக்கை. காது போனாலும் கனத்த ஒலி உடம்புக்குத் தெரியும். இது என் துறை. ஒரு நல்ல ஸ்பீக்கரில் கை வைத்தால் அப்பாவுக்கு அந்தப் பாட்டு கிடைக்கும். நான் கேட்ட ஒன்றை அவரும் கேட்பார். ஒரு வார்த்தைகூட இல்லாமல், இங்கே உன் ஞாபகமாகவே இருக்கிறேன் என்று அவருக்குச் சொல்லிவிடலாம்.

தீபாவளிக்கு மறுநாள் காலை, அம்மா படத்துக்குக் கீழே ஸ்பீக்கரை வைத்தேன். அப்பா புது வேட்டியோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். மூன்றாவது பாட்டைப் போட்டு, அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிரித்தார். "தறியாட்டமே இருக்குது" என்று உரக்கச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அழக்கூடாது என்று இருந்தேன். பிறகு சிரிப்பு போய்விட்டது. கையை எடுத்துவிட்டார்.

"நிறுத்திரு கண்ணு."

நிறுத்தினேன்.

"உனக்கு நின்னுருச்சா?" என்றார்.

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"எனக்கு நிக்கறதில்ல. வேலைய விட்டும் நிக்கல. ராவும் பகலும் உள்ள ஓடிட்டேதான் இருக்குது." அந்தப் பெரிய குரலில், காது வலிக்கிற அளவுக்குச் சத்தமாக, இதைச் சொன்னார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, என்னைத் தேற்றுவதற்காக, "இதப்போயி அங்க காசு குடுத்துக் கேக்கறாங்களா?" என்று கேட்டார்.

அப்பாவின் காதுக்குள் அமைதி இருக்கும் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். கேட்காத காது என்றால் மூடிய அறை மாதிரி என்று. படித்த படிப்பில் காதிரைச்சல் என்று ஒரு பாடம் இருந்தது. தேர்வில் பதில் எழுதியிருக்கிறேன். அது அப்பாவைப் பற்றியது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

திரும்பி வந்தபின் ஒரு ஞாயிறு மதியம், பிரிக்பீல்ட்ஸ் அறையில், ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேட்டேன். சுரேன் அதைப் போடவே மாட்டான். "அது ஒண்ணுமில்ல லா, மெஷினை ஆஃப் பண்ணிட்டு அப்படியே விட்டுட்டாங்க" என்பான். உண்மைதான். பெரிய சக்கரம் ஒன்று மெல்ல மெல்ல வேகம் குறைந்து நிற்கிறது. அதன்பின் ஊசி போன்ற மெல்லிய ஒரு கூவல், ஏறாமல் இறங்காமல் நீள்கிறது. ஒரு நிமிடம் பொறுத்தேன். ஹெட்போனைக் கழற்றிவிடத் தோன்றியது. கழற்றினேன். ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போனது, கீழே பூக்கடையில் யாரோ பேரம் பேசினார்கள். என்னால் கழற்ற முடிந்தது. ஹெட்போனை மடியில் வைத்தேன். அதற்குள்ளிருந்து அந்தக் கூவல் சின்னதாக வந்துகொண்டே இருந்தது.

இப்போது நாங்கள் குரலை விட்டுவிட்டோம். வீடியோ அழைப்பில் தறிக்குடோன் சைகைகளில் பேசுகிறோம். அந்தச் சத்தத்தில் யாரும் வாயால் பேச முடியாது என்பதால் தறி ஓட்டுகிறவர்களுக்குக் கைப்பேச்சு உண்டு. மதியம் சோற்றுத்தூக்கு கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளைகள் எங்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. மேலுதட்டை நீவினால் மீசைக்கார முதலாளி வருகிறார். படம் உறைந்து இணைப்பு போகிறபோது அப்பா இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுவார். என் மேலாளர் கேண்டீனுக்குள் வந்தால் நான் மேலுதட்டை நீவுவேன், அவருக்கு மீசையே இல்லை என்றாலும். அப்பா தோள் குலுங்கச் சிரிப்பார். கேண்டீன் நடத்தும் மலாய் அக்கா காக் ரோஸ் இதைச் சில நாள் பார்த்துவிட்டு, உன் அப்பா பிறவி ஊமையா என்று மலாயில் கேட்டார். இல்லை, நன்றாகப் பேசுவார், சத்தமாகப் பேசுவார் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் "கெசியான்" என்று பரிதாபப்பட்டு என் தட்டில் இன்னொரு பொரித்த மீனை வைத்தார்.

ஆனால் அது வேலைக்கென்று உண்டான பேச்சு. நூல், டீ, சோறு, முதலாளி, கரண்ட். உடம்பு எப்படி இருக்கிறது, அம்மா நினைவு வந்ததா, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதா என்பதற்கெல்லாம் தறிக்குடோனில் கை இல்லை. இருப்பதை வைத்துச் சமாளிக்கிறோம்.

போன வாரம் அப்பா இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்துக் காட்டினார். ஷிஃப்ட் முடிந்ததா, மாற்றாள் வந்தாச்சா என்று அர்த்தம். எப்போது வருகிறாய் என்று கேட்கிறார் என்பது புரிந்தது. அதற்கு முந்தின நாள்தான் என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட்டிருந்தேன். உள்ளங்கையை விரித்து, மேசைமேல் நீளத் தேய்த்துக் காட்டினேன். தறியில் நெய்யவேண்டிய பாவு நூல் இன்னும் மீதி இருக்கிறது, ஓடி முடியவில்லை.  அவர் தறியைக் கிளப்பும் கைப்பிடியைத் தள்ளுவதுபோலக் காற்றில் கையைத் தள்ளினார். ஓட்டு.

இங்கே மணி ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. என் சாப்பாட்டு வேளையும் அவருடைய காலை டீயும் சேரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அழைத்துக்கொள்கிறோம். பிறகு அவரவர் பக்கம் விலகிவிடுகிறோம்.

இன்றைய நிலைமை இது. பெர்மிட் வந்துவிட்டது. ஸ்பீக்கர் சோமனூர் வீட்டில், அம்மா படத்துக்குக் கீழே, துண்டு போர்த்தி இருக்கிறது. காலையில் சுரேன் காரில் அந்த ஆல்பத்தைப் போடுகிறான். நான் நிறுத்தச் சொல்வதில்லை. அப்பாவுக்கு நான் பேசுவது கேட்பதில்லை.