தொற்று அறையில் அண்ணி

எனக்கு நாய் என்றாலே ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அண்ணியைப் பற்றி நான் சொல்வதெல்லாம் நாய்ப் பைத்தியம் பிடித்தவனின் உளறலாகத் தெரியும். அண்ணி நாய், பூனைகளுக்கான ஆஸ்பத்திரியில் உதவியாளர். அதுவும் தொற்றுநோய் வந்தவற்றைத் தனியாக வைக்கிற, பின்பக்கத் தொற்று அறையில், வேறு யாரும் நிலைத்து நிற்காத இடத்தில்.

அந்த வருஷம் குட்டி நாய்களுக்குப் பார்வோ பரவியது. குடலை அரிக்கிற வைரஸ். வாந்தியும் ரத்தப் பேதியுமாக வருகிற குட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே துவண்டுவிடும். செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும் கிருமி அது. முன்பு பழைய வீட்டில் அண்ணி வளர்த்த குட்டி அப்படித்தான் செத்தது. யார் கொண்டுவந்தது என்று யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது புது வீட்டில், அண்ணன் மகள் அழுது அடம்பிடித்து வாங்கிய இன்னொரு குட்டி. முதல் தடுப்பூசி மட்டும்தான் ஆகியிருந்தது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி சில சமயம் ஊசியையே வேலை செய்ய விடாதாம். அதனால் சில வாரங்கள் விட்டுவிட்டுத் திரும்பவும் போட்டால்தான் நம்பலாம். தொற்று அறையிலோ குட்டிகளை வைக்க இடமில்லை. கூட வேலை பார்த்த பெண்ணும் நின்றுவிட்டாள்.

அண்ணி ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மாடியறைக்குக் குடிபோய்விட்டார்.

"குளிச்சுத் துணி மாத்திட்டு வந்தா போதும்னு டாக்டரே சொல்றாங்களே அண்ணி?" என்றேன் எரிச்சலாக.

"போதும்தான் தம்பி. போன தடவையும் குளிச்சு மாத்திட்டுத்தான் வந்தேன். செருப்பை மறந்துட்டேன்."



சாப்பாடு கொண்டுபோகிற வேலை என் தலையில் விழுந்தது. அங்கே போய்வருவதால் அண்ணன் வீட்டு வாசற்படி எனக்கும் தடை. தொற்று அறையை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். குட்டிகள் ஈரத் துணி மாதிரிக் கிடக்கும். டிரிப்ஸ் ஏறுவதைக் கவனித்தபடியே அண்ணி ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, "எழுந்திரு கண்ணா, தூங்கினது போதும்" என்று கெஞ்சுவார். சில எழுந்திருக்காது. செத்ததைத் துணியில் சுற்றி வெளியே கொடுத்துவிட்டு, தரையை பிளீச்சிங் தண்ணீர் விட்டுக் கழுவி, அடுத்ததன் பக்கத்தில் போய் உட்காருவார். ஒருநாள் ஒரு கறுப்புக் குட்டி, கால் நடுங்க எழுந்து நின்று அவர் கையுறையை நக்கியது. கண்ணுக்கே தெரியாத ஒன்றோடு இந்த மனுஷி மல்லுக்கட்டுகிறாரே என்று தோன்றியது.

மகள் தினமும் போனில் கூப்பிடுவாள். "அம்மா, குட்டி செருப்பைக் கடிச்சுக் குதறிடுச்சு!"

"உங்க அப்பா செருப்புதானே? குதறட்டும்."

கடைசி ஊசியும் போட்டு, அது உடம்பில் பிடிக்க டாக்டர் சொன்ன நாளும் கழிந்த பிறகு அண்ணி வீட்டுக்கு வந்தார். நானும் கூடப் போனேன். கதவு திறந்ததும் நாய் பாய்ந்து வந்தது. குட்டியா அது? முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அண்ணியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக் குரைத்தது. உள்ளே விடவே இல்லை. "அம்மாடா, நம்ம அம்மா!" என்று மகள் அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். அண்ணன் முகம் செத்துவிட்டது.

அண்ணி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

"என்னமா குரைக்குது பாருங்க தம்பி!" என்றார். "எவ்வளவு தெம்பு!"