ஸ்தோத்திரச் சீட்டு

இன்று காலை எங்கள் தாம்பரம் சபையிலிருந்து கைபேசிக்கு ஒரு படிவம் வந்தது. ஜெபக்குறிப்பை இனி அதில்தான் அனுப்ப வேண்டுமாம். வேலை, உடல்நலம், திருமணம், பிற என்று நான்கு கட்டங்கள். என் மகள் இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. அது எந்தக் கட்டத்தில் வரும் என்று யோசித்தபோது அம்மா டைரியிலிருந்து கிழித்து எழுதும் சீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அந்தச் சீட்டுகளைப் போதகர் ஞாயிறு ஆராதனையில் வாசித்து ஜெபிப்பார். பல வருடங்களுக்கு முன், சிறுசேரியில் எனக்கு வேலை கிடைத்து ஒரு வருடம் ஆனதற்கு அம்மா ஸ்தோத்திரச் சீட்டு எழுதி, சனிக்கிழமை என்னிடமே கொடுத்தனுப்பினாள். நான் இருந்த லட்சணம் கேளுங்கள். வேலை போய் இரண்டு மாதம். வீட்டில் சொல்லத் துணிச்சலில்லாமல் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, கேளம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தேன்.

இல்லாத வேலைக்கு மைக்கில் நன்றியா! வாசிக்க மறந்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள் என்று போதகரிடம் விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினேன்.

“சரி, நாளைக்கு மறந்துடறேன். திங்கக்கிழமை டிபன் பாக்ஸை என்னப்பா பண்ணுவ?”

பிரசங்கம் ஏதும் செய்யவில்லை மனுஷர். ஸ்கூட்டரை எடுத்து, ஏறு என்றார். போதகர் என்றால் மேய்ப்பர் என்று ஞாயிறு பள்ளியில் படித்ததுதான். தொலைந்த ஆட்டைக் கண்டுபிடித்த மேய்ப்பன் அதைத் தோளில் போட்டுக்கொண்டான் என்கிறது வேதம். வழியில் அதனிடம் என்ன பேசினான்? அது எழுதப்படவில்லை. எங்கள் போதகர், எங்கள் வீடு இருந்த சிட்லபாக்கம் வரை ரோட்டுப் பள்ளங்களைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டில் இரண்டு காபி குடித்து, நான் வாய் திறக்கும்வரை உட்கார்ந்திருந்தார். சொன்னேன்.

“பஸ் ஸ்டாண்டுலயா சாப்பிட்ட? ஆறிப் போயிருக்குமேடா,” என்றாள் அம்மா. பிறகுதான் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு சீட்டு எழுதினாள்.

மகன் வீடு திரும்பியதற்காக ஒரு தாயின் ஸ்தோத்திரம் என்று மறுநாள் அதைப் போதகர் வாசித்தார். பையன் எந்த ஊர் போயிருந்தான் என்று வாசலில் ஒரு அக்கா விசாரித்தார். கேளம்பாக்கம் என்றாள் அம்மா, சிரிக்காமல். எனக்கு மானம் போயிற்று. வயிற்றில் இரண்டு மாதமாக இருந்த கல்லும் போயிற்று.

இப்போது அம்மாவும் இல்லை, அந்தப் போதகரும் இல்லை. ‘பிற’ என்ற கட்டத்தை அழுத்தி, மகளைப் பற்றி இரண்டு வரி எழுதி அனுப்பினேன். பெறப்பட்டது என்று உடனே பதில் வந்தது. ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அசடு. படிவத்தில் வீட்டு விலாசமே கேட்கவில்லை.