இஞ்சிச் சாற்றிடம் தோற்ற ஊதா

எம்.எஸ்ஸி. கடைசி வருட ஆராய்ச்சிக்குத் தலைப்பாக இஞ்சிதான் வேண்டும் என்று நான் சண்டை போட்டு வாங்கினேன். எங்கள் தூத்துக்குடி உப்புக்காற்றில் சைக்கிள் செயின் துருப்பிடிக்கிற மாதிரி, உடம்பின் செல்களும் உள்ளுக்குள் அரிபடுகின்றன. அதைத் தடுக்கும் சக்தி இஞ்சியில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஊதா நிற ரசாயனத்தில் சாற்றை விட்டால் ஊதா வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்பதை மெஷின் எண்ணாகச் சொல்லும்.

எங்கே சொன்னது, பாவி மெஷின்! மூன்று வாரமாக ஒரே பல்லவி: நிறம் குறையவே இல்லையாம். கடைசியில் என் வழிகாட்டி மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா தலைப்ப மாத்திருவோம்மா." மாற்றினால் இந்த வருடம் பட்டம் கிடையாது. 

கூடப் படிக்கும் காயல்பட்டினத்துத் தோழி சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"ஏளா, இங்கன பாரு. கண்ணுக்கு மஞ்சளாத்தான இருக்கு? மெஷினுக்கு என்ன கேடு?"

மஞ்சள்தான். ஆனால் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கல்! அப்போதுதான் உறைத்தது. வீட்டில் இஞ்சிச் சாறு பிழிந்தால் அப்படியே குடிப்போமா? தெளிய வைத்து, மேலே இருப்பதை மட்டும் இறுத்துக்கொண்டு, அடியில் தங்கும் வெள்ளையை 'நஞ்சு' என்று கொட்டிவிடுவோம். நஞ்சுமில்லை, ஒன்றுமில்லை, வெறும் மாவு. ஆய்வகத்திலோ இஞ்சியின் சக்தி துளியும் வீணாகக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கி ஊற்றியிருக்கிறேன். மெஷின் அந்தக் கலங்கலையும் நிறக் கணக்கில் சேர்த்துவிட்டது.

"ஏளா, நான் ஒரு கூறுகெட்டவ!" என்று கத்தினேன்.

புதிதாகப் பிழிந்து தெளிய வைத்தோம். அந்த அரை மணி நேரம் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. "ஏளா, சர்பத் கடையா வைக்கப் போற?" என்று அவள் கேலி செய்தாள். மேடமும் வந்து நின்றார். தெளிவை மட்டும் வடிகட்டி ஊதாவில் விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா வெளிறியது. எண் சரசரவென்று இறங்கியது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

மேடம் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு தடவ எடு," என்றார். எடுத்தேன். இரண்டு தடவையும் அதே எண்.

அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் நோட்டைத் திறந்தார். "தலைப்பு இதேதான். முதல்லேர்ந்து சொல்லும்மா, நான் எழுதிக்கிடுதேன்."

நான் ஓவென்று அழுதுவிட்டேன்.