ரம்பை இலை கட்டிய ஆட்டோ

குளச்சல் பேருந்து நிலையத்தில் நான் ஏறிய ஆட்டோவின் ஓட்டுநருக்கு அடர்ந்த மீசை. அதற்கு மேலே மூக்கு ஓயாமல் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. மீன் கூடைகள் ஏறி இறங்கும் வண்டிதான். ஆனால் உள்ளே நெய்ச்சோறு மணந்தது.

“அண்ணே, சாப்பாடு ஏதும் கொண்டு போறியளா?” என்று கேட்டேன்.

“இல்ல சார், ரம்பை இலை. பிரியாணிக்குப் போடுவாவல்லா, அதுதான்.” கண்ணாடியருகே தொங்கிய பச்சைக் கட்டைத் தட்டிக் காட்டினார். “முன்ன சென்ட் குப்பி வச்சிருந்தேன். அத மோந்து மோந்து தெனமும் தலைவேதன. தூக்கிப் போட்டுட்டு இத கெட்டினேன். தலைவேதன போச்சு. இப்ப எந்நேரமும் பசிக்கு.”

எனக்கும் பசித்தது. “நான் சுகர் டெஸ்டுக்கு வெறும் வயித்துல போறேன் அண்ணே,” என்றேன்.

பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினார். இலைக்கட்டை அவிழ்த்து இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் போட்டு மூடினார். பிறகு மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். மணம் போகவில்லை.

“மீன்சந்தை வழியாட்டு போவோம் சார். பசி அடங்கிரும்.”

அப்படியே போனோம். அடங்கியது.

ரத்தம் எடுத்து முடித்து வெளியே வந்தபோது அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இலைக்கட்டு பழைய இடத்தில் தொங்கியது. வீட்டுக்கு விடச் சொன்னேன். அப்படிச் சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. வண்டி ஓர் ஆப்பக் கடையின் முன்னால் போய் நின்றது. நான் இறங்குவதற்குள் அவர் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார்.